கார் சேலில் கோளாறை மறைத்து விற்றால்: மலையகத்தில் வாங்குபவர் என்ன செய்யலாம்?

தலவாக்கலை ரோடு

பழைய வாகனம் வாங்கி ஏமாந்தவர் யாராவது இங்கே வந்து கேட்டால் "பார்த்துத்தானே வாங்கினீங்க, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றுதான் முதல் பதில் விழுகிறது. அது தவறான பதில். விஷயம் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்து வருகிறவருக்கு உதவும்.

பேச வசதியாக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 2014 ஹொண்டா வெசல் ஹைபிரிட், கார் சேலில், அதாவது பழைய வாகனம் விற்கும் கடையில், வாங்கியது. ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது டவுனைச் சுற்றிப் பத்து நிமிடம். இரண்டாவது வாரம் கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது, லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போகையில் வண்டி நடுங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கியர்பெட்டி சூடாகிவிட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை. விற்றவர் சொல்வது: "செக்கன்ட் ஹேண்ட் வாகனம், ரிட்டர்ன் கிடையாது, பில்லிலேயே எழுதியிருக்கு."

சட்டம் என்ன சொல்கிறது? அவருக்கு முன்பே தெரியும் என்று எப்படிக் காட்டுவது? எங்கே, எந்த வரிசையில் முறையிடுவது?

கச்சேரி வீதி

முதலில் பார்க்க வேண்டியது, விற்றவர் வியாபாரியா தனியாளா என்பதுதான். கார் சேல் என்றால் வியாபாரி. அப்போது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருந்தும். 30ஆம் பிரிவு, வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் எந்த நடத்தையிலும் ஈடுபடக் கூடாது என்கிறது. பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்வதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. புதிய பொருள், பழைய பொருள் என்று இந்தப் பிரிவுகள் பிரித்துப் பார்ப்பதில்லை.

பணம் திரும்பக் கிடைப்பதற்கான வழி 13ஆம் பிரிவில் இருக்கிறது. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால், அதிகார சபை விசாரித்து நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கோளாறு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, விற்ற நாளிலிருந்து. "அடுத்த வாரம் வாங்க, பாஸிடம் (மெக்கானிக்கிடம்) காட்டுவோம்" என்று விற்றவர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் இந்த மூன்று மாதத்தில்தான் கழிகிறது. அவர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றாலும் சரி, பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். மாவட்ட செயலகத்தில், அதாவது கச்சேரியில், அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் உண்டு. விசாரிக்க 1977 என்ற இலக்கம். தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரணப்படி வாங்கினால், பொருள் வணிகத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே உள்ளடங்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. கதவில் இருந்த நெளிவுக்கு வழக்குப் போட முடியாது. ஏற்றத்தில் அரை மணி நேரம் ஓடினால்தான் வெளிவரும் கிளட்ச் கோளாறு வேறு.

"ரிட்டர்ன் இல்லை" என்ற வரி பற்றி. இந்த உள்ளடங்கிய நிபந்தனைகளை வெளிப்படையான ஒப்பந்தத்தால் விலக்க முடியும் என்பது உண்மைதான். அதனால் அந்த வரி வெறும் மிரட்டல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்தே மறைத்த மோசடிக்கு அந்த வரி குடையாகாது. 30ஆம் பிரிவையும் பில்லில் எழுதி ரத்துச் செய்ய முடியாது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கும்: அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

பதுளை ஸ்கேனர்

அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். திருத்துவதற்கு முன் ஸ்கேன். இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. கராஜில் கொடுத்து, வாகனக் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளை, அதாவது கோட்களை, எல்லாம் அழித்து, கிளட்ச் மாற்றிய பிறகு "ஏமாற்றிவிட்டார்" என்று போனால் கையில் ஒன்றும் இருக்காது.

ஸ்கேனரில் மூன்று விஷயத்தைப் படமெடுங்கள். ஒன்று, எல்லா ஈசியுவிலும் (வாகனத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகளிலும்) உள்ள கோட்கள். எஞ்சின் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம், கியர்பெட்டி, ஹைபிரிட், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம். இரண்டு, மொனிட்டர்களின், அதாவது வாகனம் தன்னைத்தானே சோதிக்கும் சோதனைகளின், நிலை. கோட்டை அழித்தவுடன் இவை "முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்பும், சில நாள் ஓடினால்தான் நிறையும். மூன்று, கோட் அழித்த பின் ஓடிய தூரம். பல வாகனங்களில் இது தனியாகக் காட்டும்.

மூன்றாவதுதான் உங்கள் சாட்சி. கணக்கைப் பாருங்கள். வாகனத்தை எடுத்த அன்று மீட்டர் 84,210 என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் பண்ணும்போது 84,396. நீங்கள் ஓட்டியது 186 கிலோமீட்டர். ஸ்கேனர் "கோட் அழித்து 203 கிலோமீட்டர்" என்று காட்டினால், உங்கள் கைக்கு வர 17 கிலோமீட்டருக்கு முன் யாரோ அழித்திருக்கிறார்கள். அந்த 17 கிலோமீட்டரும் வண்டி கார் சேலின் கையில் இருந்தது என்று காட்ட முடிந்தால், அழித்தவர் யார் என்று அவர்தான் விளக்க வேண்டும். இதற்காகவே, எடுக்கும் அன்று மீட்டரைப் படமெடுத்து, கையொப்பமிடும் பில்லிலும் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரி வயரைக் கழற்றினாலும் பல வாகனங்களில் இந்தக் கணக்கு பூச்சியமாகும். "பேட்டரி இறங்கியது, மாற்றினோம்" என்று பதில் வரும். ஆகவே இதோடு வேறு ஏதாவது ஒரு ஆதாரம் சேர வேண்டும்: முந்திய உரிமையாளரின் சேவிஸ் பதிவு, கார் சேல் வண்டியைக் காட்டிய கராஜின் பில், வட்ஸ்அப் உரையாடல்.

வெசல் விஷயத்தில்: அதில் இருப்பது ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி. ஊர்ந்து ஏறும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே வழுக்கும், சூடேறும். தேய்ந்த கிளட்ச் சமதரையில் சமாளித்துவிடும். ஸ்கேனரில் கிளட்ச் லேர்னிங் (கிளட்ச் பிடிக்கும் அளவைக் கணினிக்கு மறுபடி பழக்குவது) செய்தால் நடுக்கம் கொஞ்ச நாளைக்கு அடங்கும். அதனால்தான் டவுனுக்குள் பத்து நிமிடம் மட்டும் ஓட்டக் கொடுக்கிறார்கள். "மேட்டு நாட்டில் எல்லா வண்டியும் இப்படித்தான்" என்ற பதிலை ஏற்க வேண்டாம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, டேர்போ இல்லாத எஞ்சினின் பலம் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து வீதம் குறையும். நுவரெலியா 1,868 மீட்டர், ஆகவே இழுவை குறைவது இயல்பு. நடுக்கமும் சூடு எச்சரிக்கையும் உயரத்தால் வருவதில்லை.

நானுஓயா ராஜி

டொயோட்டா ஹைபிரிட்களான அக்வா, பிரியஸ் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. இங்கே கைமாறுவதில் அவைதானே அதிகம்.

பதுளை ஸ்கேனர்

சரி ராஜி அக்கா. ஹைபிரிட் பேட்டரிக்கு பி0ஏ80 என்ற கோட் வந்தால் பேட்டரித் தொகுதி மாற்ற வேண்டும் என்று அர்த்தம். மறைக்கும் வழி இரண்டு. வெறுமனே அழித்து விடுவது, இல்லையென்றால் செத்த மொடியூல் (தொகுதிக்குள் இருக்கும் சிறு பேட்டரி) ஒன்றிரண்டை மட்டும் பழைய சாமான் கடையிலிருந்து எடுத்துப் போடுவது. முதல் தலைமுறை அக்வாவில் மொடியூல் 20, இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28. ஒன்றிரண்டை மாற்றினால் பழையதும் புதிதும் ஒத்துப்போகாமல் சில மாதத்தில் கோட் திரும்பும். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிக்கொண்டே பிளொக் வோல்டேஜைப் பார்த்தால், மற்றவை நிற்கையில் ஒன்று மட்டும் சரிவது கண்ணுக்குத் தெரியும். அந்தத் திரையை வீடியோ எடுங்கள். பேட்டரியைத் திறந்து பார்த்த பாஸ் இருந்தால், மொடியூல்களின் தொடர் இலக்கங்களைப் படமெடுக்கச் சொல்லுங்கள். பொருந்தாத இலக்கம் நடுவில் இருந்தால் திறந்து வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் தலைமுறை 1.8 பிரியஸில் ஈஜிஆர் (புகையை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் வழி) அடைத்து, ஹெட் கேஸ்கட் போவது தெரிந்த கோளாறு. அதிகாலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உலுக்கும், கூலன்ட் காரணமில்லாமல் குறையும். எஞ்சின் சூடாக இருந்தால் இது தெரியாது. பார்க்கப் போகும்போது பொனட்டில் கை வையுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஏர்பேக் விளக்கு: சாவி போட்டதும் எரிந்து சில செக்கனில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைக் கழற்றியிருக்கலாம். ஏபிஎஸ் விளக்கோடு ஒரே நொடியில் அணைந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று மீட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். இப்படிக் கட்டியது கண்டுபிடிபட்டால், "தெரியாது" என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரோ வேண்டுமென்று கைவைத்த வேலை அது.

கச்சேரி வீதி

பதுளைத் தம்பி சொன்னதோடு ஒன்று. ஸ்கேன் அறிக்கை வெறும் கடதாசியாக இருந்தால் பெறுமதி குறைவு. கராஜின் பெயர், முகவரி, திகதி, வாகன இலக்கம், செஸி இலக்கம், மீட்டர் எண், செய்தவரின் பெயரும் கையொப்பமும் வேண்டும். "இந்தத் தேய்மானம் இரண்டு வாரத்தில் வரக்கூடியதல்ல" என்பது அவரது கருத்தாக இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். விசாரணையில் அந்த ஒரு வரிக்குத்தான் எடை அதிகம்.

பண்டாரவளை சுரேன்

விளம்பரத்தை அழித்துவிட்டால்? "அக்சிடென்ட் ஃப்ரீ, ஃபுல் ஒரிஜினல்" என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டு, விற்றதும் எடுத்துவிடுகிறார்கள்.

கச்சேரி வீதி

பார்க்கப் போகும் முன்பே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்: பக்கத்தின் பெயர், திகதி, தொலைபேசி இலக்கம் மூன்றும் தெரியும்படி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி இத்தகைய பதிவுகளைச் சாட்சியமாக முன்வைக்க முடியும். வட்ஸ்அப்பை "எக்ஸ்போர்ட்" செய்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய போனையும் விற்றுவிடாதீர்கள்.

இன்னொன்று, வாங்கும் முன் கேள்வியை எழுத்தில் கேளுங்கள். "கியர்பெட்டியில் ஏதாவது வேலை செய்திருக்கிறதா? விபத்து உண்டா? வெள்ளத்தில் பட்டதா?" என்று மூன்று வரி வட்ஸ்அப் போதும். "இல்லை" என்று பதில் வந்து, உண்மை வேறாக இருந்தால் அது பொய்யான கூற்று, 31ஆம் பிரிவுக்கு நேராகப் போகும். பதில் வராமல் "நேரில் வாங்க பேசுவோம்" என்றால், வாங்காமல் விடுவதே நல்லது.

கம்பளைப் பாலம்

வெள்ளம் என்றதும் எழுத வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் கம்பளை, பேராதனைப் பக்கம் எத்தனை வண்டிகளை மூழ்கடித்தது என்று எல்லோருக்கும் தெரியும். சுத்தம் செய்த வண்டி பார்க்கப் புதிதுபோல இருக்கும். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு தெரியும், அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். யாரும் அதுவரை கழுவுவதில்லை. பிறகு சீட் தண்டவாளத்தின் அடிப்பக்க போல்ட்டுகளில் துரு, ஸ்பெயார் வீல் குழியில் வண்டல், ஹெட்லைட் உள்ளே மண் படலம், கால்வைக்கும் இடத்துக் கம்பளத்துக்குக் கீழே ஈரமான பஞ்சு, பியூஸ் பெட்டியின் பின்களில் பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு. பச்சை அரிப்பு உள்ள வண்டியில் மின்கோளாறு ஆறு மாதம் கழித்தும் வரும், அதற்குள் அந்த மூன்று மாதம் முடிந்துவிடும். கார் சேல்காரருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை, கம்பளத்தைக் கழற்றிக் காயவைத்ததே அவர்கள்தானே.

தலவாக்கலை ரோடு

ஓபன் பேப்பரில் வாங்கியவர்களின் நிலை? கார் சேல் பெயர் எந்தப் பத்திரத்திலும் இருப்பதில்லை. புத்தகத்தில் இருப்பவர் கொழும்பில் எங்கேயோ.

கச்சேரி வீதி

இதுதான் பலரைக் கவிழ்ப்பது. பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்திருப்பார், நடுவில் கார் சேல், கடைசியில் நீங்கள். கோளாறு என்று போனால், "நாங்கள் புரோக்கர் மட்டும், விற்றது அவர்" என்பார்கள். உரிமை மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் படிவங்கள் இரண்டு: விற்பவர் பக்கம் எம்டிஏ 6, வாங்குபவர் பக்கம் எம்டிஏ 8. அந்தப் படிவங்களில் யார் பெயர் இருந்தாலும், பணத்தை யார் வாங்கினார் என்று காட்டும் பற்றுச்சீட்டு வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. முற்பணம் கட்டும்போதே, கடைப் பெயர் அச்சிட்ட சீட்டில், செஸி இலக்கத்தோடு வாங்குங்கள். மிகுதியைக் காசாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கடையின் கணக்குக்கு அனுப்புங்கள். தனியாளின் கணக்கு இலக்கம் கொடுத்தால் அங்கேயே நின்று காரணம் கேளுங்கள்.

உண்மையிலேயே தனியாள் தனியாளுக்கு விற்றிருந்தால் அதிகார சபை வராது. அப்போது மோசடி அடிப்படையில் சிவில் வழக்கு, அல்லது பொலிஸ்.

பண்டாரவளை சுரேன்

பொலிஸில் "இது சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்புவார்களே.

கச்சேரி வீதி

அனுப்பலாம். தண்டனைச் சட்டக்கோவை 398ஆம் பிரிவு ஏமாற்றுதலை வரையறுக்கிறது, உண்மைகளை நேர்மையீனமாக மறைப்பதும் ஏமாற்றுதல்தான் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஏமாற்றிச் சொத்தைக் கைமாற்றச் செய்வது 403, ஏழு வருடம் வரை சிறை. முறைப்பாட்டில் "வண்டி பழுது" என்று எழுதினால் சிவில் என்பார்கள். "இன்ன திகதியில் இன்னதை எழுத்தில் கேட்டேன், இல்லை என்றார், இன்ன அறிக்கையின்படி அது முன்பே இருந்தது, அதை நம்பித்தான் இவ்வளவு பணம் கொடுத்தேன்" என்று எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வர வேண்டாம். ஆனால் பணம் அறவிட்டுக் கொடுப்பது பொலிஸின் வேலையல்ல, அதற்காக மட்டும் போக வேண்டாம்.

நானுஓயா ராஜி

வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாமா, திருத்தச் செலவு மட்டுமா?

கச்சேரி வீதி

பதுளைத் தம்பி இதில் எனக்கு மறுப்புச் சொல்லலாம், ஆனால் சட்டப்படி நிலைமை இப்படி. பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில், குறிப்பிட்ட ஒரு பொருளின் உடைமை வாங்குபவருக்கு மாறிவிட்டால், நிபந்தனை மீறலுக்குப் பொதுவாகக் கிடைப்பது நட்டஈடுதான், திருப்பிக் கொடுக்கும் உரிமை அல்ல. முழுப் பணம் வேண்டுமென்றால் இரண்டு வழி. மோசடி என்று காட்டி ஒப்பந்தத்தையே இரத்துச் செய்வது ஒன்று. அதிகார சபையின் 13ஆம் பிரிவுக் கட்டளை மற்றது. மோசடி வழியில் போகிறவர் கோளாறு தெரிந்த பிறகு வண்டியை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தால், ஏற்றுக்கொண்டுவிட்டார் என்ற வாதம் வரும். தெரிந்தவுடன் நிறுத்தி, எழுத்தில் "வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயார், பணத்தைத் தாருங்கள்" என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதுளை ஸ்கேனர்

மறுப்பு ஒன்றுதான். வேலைக்குப் போக வேறு வழியில்லாதவரிடம் நிறுத்து என்று சொல்வது எளிதல்ல. நட்டஈடு மட்டும் போதுமென்றால் இரண்டு கராஜில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, விற்றவருக்கும் அறிவித்து, அவர் ஆளை அனுப்பிப் பார்க்க ஏழு நாள் கொடுத்து, பிறகு திருத்துங்கள். கழற்றிய பாகத்தைப் பாஸிடம் விட்டுவிடாதீர்கள். கிளட்ச் தட்டு, மொடியூல் எதுவானாலும் பையில் கட்டித் திகதி எழுதி வீட்டில் வையுங்கள்.

கச்சேரி வீதி

அதுவும் சரியான வழிதான், ஒத்துக்கொள்கிறேன். நட்டஈட்டுத் தொகை சிறியதென்றால் நீதிமன்றத்துக்கு முன் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். அங்கே தீரவில்லையென்றால் தரும் சான்றிதழோடுதான் வழக்கு. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழிக்கு மூன்று வருடம், ஒப்பந்தத்துக்கு வெளியே தீங்கு என்று கேட்டால் இரண்டு வருடம் காலாவதி. மூன்று மாதம் தவறிவிட்டது என்று மனம் விட வேண்டாம், அதிகார சபைக் கதவு மூடினாலும் நீதிமன்றக் கதவு மூடவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

மஸ்கெலியா வாணி

லீசிங்கில் எடுத்தவர்களுக்கு: கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. தவணை நின்றால் வண்டியை எடுத்துப்போவார்கள், ஆதாரமும் அதோடு போய்விடும். கட்டிக்கொண்டே, கோளாறு பற்றி லீசிங் கிளைக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

மொழி விஷயமும் சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து போகிறவர் கையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த ஒப்பந்தத்தைக் கொடுத்து, புள்ளி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "பரிசோதித்துத் திருப்தியடைந்தேன்" என்ற வரி அதில்தான் இருக்கும். வாசித்துக் காட்டாமல் போட வேண்டாம். போட வேண்டியே வந்தால் கையெழுத்துக்கு மேலே, தமிழில், உங்கள் கையால் "கியர்பெட்டி, பேட்டரி, ஏர்பேக் பற்றிக் கோளாறு இல்லை என்று விற்பவர் சொன்னதை நம்பி வாங்குகிறேன்" என்று எழுதி, இரண்டு பிரதியிலும் அவருடைய கையெழுத்தையும் வாங்குங்கள். மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதிகார சபைக்கும் பொலிஸுக்கும் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தந்தது. பதிலும் தமிழில் கேளுங்கள்.

பண்டாரவளை சுரேன்

ஏல ஷீட் (ஜப்பானில் ஏலம் விட்டபோது வாகனத்தின் நிலையை எழுதிய தாள்) காட்டினால் நம்பலாமா?

பதுளை ஸ்கேனர்

அவர் கையில் உள்ள பிரதியை நம்ப வேண்டாம், எண்ணை மாற்றி அச்சடிப்பது எளிது. செஸி இலக்கத்தை வைத்து நீங்களே தனியாக எடுப்பியுங்கள். தரம் ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தியது. வரைபடத்தில் எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகம் மாற்றியது, டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த அலை. ஷீட்டில் உள்ள கிலோமீட்டர் இப்போதைய மீட்டரைவிட அதிகமாக இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டியதில்லை. அவர் காட்டியதும் நீங்கள் எடுத்ததும் வேறுபட்டால் இரண்டையும் முறைப்பாட்டோடு இணையுங்கள்.

தலவாக்கலை ரோடு

கடைசியாக ஒரு கேள்வி. எச்சரிக்கை வந்து வண்டி வழியில் நின்றுவிட்டது, கார் சேல் டவுனுக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றால் கயிறு கட்டி இழுக்கலாமா?

பதுளை ஸ்கேனர்

வெசலை முன் சக்கரம் தரையில் பட இழுக்கக் கூடாது, பெட்டி இன்னும் கெடும், பிறகு "நீங்கள் இழுத்துக் கெடுத்தீர்கள்" என்ற பேச்சு வரும். முன் சக்கர ட்ரைவ் என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும், நான்கு சக்கர ட்ரைவ் என்றால் கேரியரில் முழுவதுமாக ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் டாஷ்போர்டு எச்சரிக்கையும் மீட்டரும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள், கேரியர் பில்லில் எங்கிருந்து எங்கே என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் செலவும் நட்டஈட்டில் சேரும்.